உறவினர் பொருள் ஏலத்துக்கு இல்லை

குணலட்சுமிக்கு வங்கிக் கந்தோரில் வைத்திருந்த பட்டப்பெயர் ‘சுற்றுநிருபம்’. முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியாமலும் இல்லை. கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பிய ஒவ்வொரு சுற்றுநிருபத்தையும் துளை போட்டு, நூல் கோத்து, திகதி வாரியாக மூன்று கோவைகளில் வைத்திருந்தாள். முகாமையாளருக்கே சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்.

அந்த வங்கிக் கிளையின் அடகுப் பகுதியில் அவளுக்குப் பதினான்கு வருட வேலை. யாழ்ப்பாணத்து வீடுகளின் கழுத்தும் காதும் எந்த மாதம் நிறைந்திருக்கும், எந்த மாதம் வெறுமையாகும் என்று அவளைப்போல் அறிந்தவர் கிடையாது. அவளுடைய கையில் மட்டும் இரண்டு மெல்லிய காப்பு. கலியாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை, நானும் அதைக் கிளறப் போவதில்லை.

ஒவ்வொரு தை மாதமும் ஊழியர்கள் ஒரு படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். ‘வங்கி ஏலம் விடும் நகைகளை நானோ, என் பெற்றோர், பிள்ளைகள், சகோதரரோ, எங்களுக்காக வேறெவருமோ வாங்க மாட்டோம். ஏலத்துக்கு வரும் நகைகளின் விபரத்தை வெளியே சொல்ல மாட்டோம்.’ எது எத்தனை பவுண், எது நல்ல மாற்று என்று உள்ளே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும் அல்லவா? வேலியே பயிரை மேயக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் படிவம். மற்றவர்கள் வாசியாமலே கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போவார்கள். குணலட்சுமி ஆறுதலாக வாசித்து, பேனையைத் துடைத்து, கையெழுத்து வைப்பாள்.

எண்பத்தைந்தாம் ஆண்டு அந்தப் படிவம் அவளுடைய வீட்டுக்குள்ளேயே புகுந்தது. அவளுடைய தம்பி இராசநாயகம் கொக்குவிலில் சைக்கிள் சாமான் கடை வைத்திருந்தான். அவனுடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கன்று பிள்ளையின் கழுத்தில் ஓர் அட்டியல் மின்னியது. இடப்பக்கம் மூன்றாவது சிவப்புக் கல் இல்லாத அட்டியல். தன் கையால் நிறுத்துப் பொதி கட்டிய பொருளைக் குணலட்சுமி மறப்பாளா? தம்பி தெரியாத்தனமாக ஏலத்தில் எடுத்திருந்தான். ஆலாத்தித் தட்டைக் கீழே வைக்குமுன்பே அவளுக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் காலை முகாமையாளரிடம் எழுத்தில் அறிவித்தாள். ‘வாங்கியவர்: இராசநாயகம். உறவுமுறை: தம்பி.’ வங்கி காசைத் திருப்பிக் கொடுத்து அட்டியலை வாங்கிக்கொண்டது.

அவனுடைய வளவுக்கும் அவளுடைய வளவுக்கும் நடுவில் ஒரே கிணறு. இரண்டு வருடம் தம்பி அந்தக் கிணற்றடியில் தமக்கையைக் கண்டால் வாளியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனான்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் சபீஹா வாய்த்தாள்.

சபீஹா சோனகத் தெருத் தையல்காரர் கலந்தரின் மனைவி. எண்பத்துமூன்றில் முதன்முதலாக வந்தாள். நோன்பு தொடங்குமுன் தன் பதக்கம் சங்கிலியை அடகு வைப்பாள். அந்தக் காசுக்குக் கலந்தர் பெருநாள் துணி எடுப்பார். பெருநாள் கழிந்ததும் மீட்டுக்கொண்டு போவாள். நம்பிக்கை பிடித்துப்போய்த் தன் மாமி ஸபூராவையும், கொழுந்திமாரையும், மச்சாள்மாரையுமாக ஆறு பேரைக் கூட்டிவந்தாள். சோனகத் தெருவிலிருந்து இந்தக் கிளைக்கு வந்தவர்கள் அந்த ஏழு பேர்தான். ஒருமுறை காசாளர் ஐம்பது ரூபா கூடக் கொடுத்துவிட, தெருமுனை வரை போனவள் வெயிலில் திரும்பி நடந்து வந்து கொடுத்தாள். பொய் அவளுடைய வாயில் வராது என்று குணலட்சுமி அன்று நினைத்துக்கொண்டாள்.

பெருநாளைக்கு மறுநாள், தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் வரும்.

“குணமக்கா, உங்களுக்கெண்டு ஏலக்காய் கூடப் போட்டனான். சாப்பிடுங்கோ.”

வாடிக்கையாளரிடம் அன்பளிப்பு வாங்கினால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஒரு சுற்றுநிருபம். பேனை அன்பளிப்பாக வாங்கியவனே எழுதுவதில்லை. குணலட்சுமி எழுதினாள். ‘வட்டிலப்பம், ஒரு பெரிய கோப்பை. கொடுத்தவர்: சபீஹா. உண்டோர்: ஊழியர் ஒன்பது பேர்.’ முகாமையாளர் செபநாயகம் சிரித்துக்கொண்டே பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். எட்டுப் பெருநாள், எட்டுப் பதிவு.

தொண்ணூறாம் ஆண்டு ஏழு பேரின் அடகுக் காசையும் சேர்த்துக் கலந்தர் புதுத் தையல் மெசின் ஒன்று வாங்கியதால், நகை மீட்பதை ஆவணிக்குத் தள்ளிப்போட்டார்கள். ஆனியில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை தொடங்கிவிட்டது. பட்டணத்தில் ஷெல் விழ விழ, வங்கி நல்லூரில் ஒரு வீட்டுக்கு மாறியது. படுக்கை அறையில் இரும்புப் பெட்டகம், குசினியில் கோவைகள்.

ஐப்பசி முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. முற்பகலில் ஒரு வாடிக்கையாளர் ஓடிவந்து சொன்னார்.

“சோனகத் தெரு முழுக்க இயக்கப் பொடியள் ஸ்பீக்கரிலை சொல்லுறாங்கள். முஸ்லிம் ஆக்கள் எல்லாரும் ரெண்டு மணித்தியாலத்திலை வெளிக்கிட வேணுமாம். ஒண்டும் கொண்டு போகேலாதாம்.”

குணலட்சுமி எழுந்தாள். எழுந்தவள் சைக்கிளை எடுக்கவில்லை. அரைநாள் லீவுப் படிவத்தை எடுத்தாள். நிரப்பினாள். முகாமையாளர் அரசாங்க அதிபரின் கச்சேரிக்குப் போயிருந்தார். கையெழுத்து இல்லாமல் கந்தோரை விட்டுப் போகக் கூடாது. நாற்பது நிமிடம் படிவத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். அவர் வந்து கையெழுத்து வைத்து, அவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு, சோனகத் தெரு தொடங்கும் ஐந்து சந்திக்குப் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது. தெருவை மறித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு மனிதரும் இல்லை. யாரோ அடுப்பில் விட்டுப்போன சோறு கருகும் மணம் மட்டும் தெரு முழுவதும் வந்தது. அந்த மணம் அவளுடைய மூக்கை விட்டுப் போகவேயில்லை. நாற்பது நிமிடம் என்று அவள் தன்னைத் தானே எத்தனையோ நாள் ஏசினாள்.

ஒரு வருடம் போனது. தொண்ணூற்றொன்று கார்த்திகையில், தவணை தவறிய நகைகளை ஏலம் விடும்படி உத்தரவு வந்தது. பட்டியல் தயாரிப்பது குணலட்சுமியின் வேலை. உரியவர்களுக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் அனுப்ப வேண்டும். சோனகத் தெருவுக்கு அனுப்பிய ஏழு கடிதங்களும் ‘விலாசத்தில் ஆள் இல்லை’ என்று எழுதித் திரும்பி வந்தன. எப்படி இருப்பார்கள்? ஆனால் சட்டப்படி, கடைசி விலாசத்துக்கு அனுப்பினால் அறிவித்ததுதான்.

அதே கிழமை, கடலேரியைக் கடந்து கொம்படிப் பாதையால் வந்த ஒருவர் ஒரு கடிதம் கொண்டுவந்து கொடுத்தார். நாலாக மடித்த கொப்பித் தாள்.

‘குணமக்கா, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருக்கிறோம். வாற வழியில் சின்னவளின் தோட்டைக்கூடக் கழற்றி எடுத்துவிட்டார்கள். அடகுச் சீட்டும் அவர்கள் பறித்த பெட்டியோடு போய்விட்டது. எங்கள் ஏழு பேருக்கும் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது உங்கள் பெட்டகத்தில் இருப்பதுதான். அதை வைத்துத்தான் பெரியவளைக் கரைசேர்க்க வேண்டும். காசு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து மீட்டுவிடுவோம். அதுவரை விற்காமல் பாருங்கோ.’

குணலட்சுமி கடிதத்தை வாசித்துவிட்டுச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். ஏலத்துக்கு ஒன்பது நாள்.

சீட்டு இல்லாமல் மீட்க முடியாது. வாடிக்கையாளருக்காக ஊழியர் மீட்கக் கூடாது. ஊழியர் ஏலத்தில் வாங்கக் கூடாது. பிறரை வைத்தும் வாங்கக் கூடாது. நாலு பக்கமும் சுவர், நாலும் அவள் நூல் கோத்து வைத்த சுவர்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஆழ்வாப்பிள்ளைக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. வங்கிக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“பிள்ளை, சோனகத் தெருப் பொதியள் இந்த முறை வருகுதாமே. நல்ல பழைய பொன்னாய் இருக்கும். எத்தினை பவுண் தேறும்?”

“ஏலத்தண்டைக்குப் பாருங்கோ.”

“கேட்டு வரவும் ஆக்கள் இல்லை. ஆருக்கு நட்டம்?”

குணலட்சுமி மேசையிலிருந்த பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள். அன்று பின்னேரம் கிணற்றடியில் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். இராசநாயகம் வாளியை வைத்துவிட்டு யோசித்தான். நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

“உதுக்கேன் மண்டையை உடைக்கிறாய் அக்கா? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனை ஏலத்துக்கு அனுப்புறன். எடுத்து வைச்சிருப்பம். அவை காசு தரேக்கை குடுப்பம்.”

“அது ஆளை வைச்சு வாங்கிறது. கூடாது.”

“எனக்கு ஒரு சட்டம் சொன்னாய், கேட்டன். இதுக்குமோ?”

“உனக்குச் சொன்னபடியால்தான் இதுக்கும். உன்ரை பிள்ளையின்ரை கழுத்தாலை கழட்டிப்போட்டு, இப்ப எனக்கு வசதி எண்டவுடனை நான் களவாய் வாங்கினால், நான் ஆர்?”

தம்பி தண்ணீர் அள்ளிக்கொண்டு போனான்.

ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் மூன்று கோவைகளையும் பரப்பி வைத்துக்கொண்டு வாசித்தாள். சோறு ஆறிக் கிடந்தது. தம்பியை மாட்டிய அதே சுற்றுநிருபத்துக்கு மறுபடி வந்தாள். ஆறாம் பிரிவு, ஊழியரும் உறவினரும் வாங்கக் கூடாது என்பது. அதற்குக் கீழே ஏழாம் பிரிவு. இதுவரை ஒருவருக்கும் தேவைப்படாத பிரிவு.

‘ஊழியர் ஒருவரின் உறவினருக்குரிய அடகுப் பொருளை, அவர் பணியாற்றும் கிளையில் ஏலம் விடலாகாது. ஊழியர் உறவுமுறையை எழுத்தில் வெளிப்படுத்தி, அடகுப் பகுதியிலிருந்து விலக வேண்டும். தலைமை அலுவலகத்தின் உத்தரவு வரும்வரை பொருள் முத்திரையுடன் பெட்டகத்தில் இருக்கும். பொய்யான வெளிப்படுத்தல் பணிநீக்கத்துக்குரியது.’

அவள் அதை ஏழெட்டுத் தரம் வாசித்தாள். பிறகு ஆறின சோற்றைச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை செபநாயகத்தின் மேசையில் படிவம் இருந்தது. அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம். சோலிசுரட்டு, வம்பு எதற்கும் போகாத மனிதர். வாசித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

“சபீஹா, உறவுமுறை தங்கச்சி. ஸபூரா, மாமி. என்ன குணம், விளையாடுறீரோ?”

“இல்லை சேர். சபீஹா தங்கச்சி எண்டால் அவளின்ரை மாமி எனக்கும் மாமிதானே. மற்ற அஞ்சு பேரும் அப்பிடித்தான்.”

“நீர் கொக்குவில். அவ சோனகத் தெரு. எப்பிடித் தங்கச்சி?”

“படிவத்திலை என்ன உறவு எண்டுதான் கேட்டிருக்கு சேர். எப்பிடி எண்டு ஒரு கட்டமும் இல்லை.”

“அப்ப இவ்வளவு வருசமும் ஏன் வெளிப்படுத்தேல்லை?”

குணலட்சுமி கையிலிருந்த காப்பைச் சரிசெய்தாள்.

“அப்ப எனக்குத் தெரியாது சேர்.”

செபநாயகம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். போன வருடம் அந்த லீவுப் படிவத்தில் கையெழுத்து வைத்ததும் அவர்தான். மணியைப் பார்த்து எழுதியதும் அவர்தான்.

“இது பொய்யெண்டு அவங்கள் கண்டுபிடிச்சால் பென்சனும் இல்லை, ஒண்டும் இல்லை. தெரியுமோ?”

“ஓம். ஏழாம் பிரிவிலை கடைசி வரி.”

அவர் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்று மத்தியானமே குணலட்சுமி பெட்டகச் சாவியை ஒப்படைத்துவிட்டுத் தபால் பகுதிக்குப் போய் முத்திரை ஒட்டத் தொடங்கினாள்.

புதன்கிழமை ஏலம். வங்கி வீட்டு விறாந்தையில் ஆட்கள் இருக்க நீள வாங்குகள் போட்டிருந்தன. பின் வாங்கில் கொப்பியும் கையுமாக ஒருவர் இருந்தார். அவர் நகை வாங்க வந்தவர் அல்லர் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து வந்தவர் என்பதும் தெரியும். அதனால் ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பதாம் இலக்கம் போனது. அடுத்தது நாற்பத்தெட்டு. ஆழ்வாப்பிள்ளை எழுந்தார்.

“நாப்பத்தொண்டிலை இருந்து ஏழு பொதி எங்கை?”

செபநாயகம் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார். “உறவினர் பொருள். ஏலத்துக்கு இல்லை.”

“ஆற்றை உறவினர்? அது சோனகத் தெருப் பொதியள் எல்லோ!”

செபநாயகம் பட்டியலில் அடுத்த இலக்கத்தைத் தேடினார். பின் வாங்கிலிருந்தவர் பேனை மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது. தபால் மேசையில் குணலட்சுமி பாதி ஒட்டிய முத்திரையோடு இருந்தாள். குனிந்து முத்திரை ஒட்டிக்கொண்டே இருந்துவிடலாம். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை.

அவள் எழுந்து நின்றாள்.

“என்ரை.”

ஆழ்வாப்பிள்ளை சிரித்தார். “சோனகரோ உமக்குச் சகோதரம்?”

“ஓம்.”

சிரிப்பதற்கு வேறு ஒருவரும் சேரவில்லை. ஆழ்வாப்பிள்ளை சுற்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பின் வாங்கிலிருந்தவர் அவளுடைய பெயரைக் கேட்டு, விலாசத்தைக் கேட்டு, எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு மூன்று மாதம் படலை திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் குணலட்சுமி எழுந்து வாசலுக்கு வந்து பார்த்தாள். அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

வந்தது வேறொன்று. தொண்ணூற்றிரண்டு சித்திரையில், கப்பலில் வந்த தபால் பையில் தலைமை அலுவலகத்தின் கடிதம். ‘மேற்படி சபீஹாவிடம் புத்தளம் கிளை மூலம் உறவுமுறை விசாரிக்கப்படுகிறது. பதில் கிடைக்கும்வரை வெளிப்படுத்திய ஊழியர் அவருடன் எவ்விதத் தொடர்பும் கொள்ளலாகாது.’

இந்த ஏழாம் பிரிவு விளையாட்டைப் பற்றிச் சபீஹாவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ‘பத்திரமாக இருக்கிறது’ என்று மட்டும் குணலட்சுமி முன்பு எழுதி அனுப்பியிருந்தாள். இப்போது ஒரு வங்கிக்காரன் போய், உமக்கும் குணலட்சுமிக்கும் என்ன உறவு என்று கேட்பான். ஐம்பது ரூபாவுக்காக வெயிலில் திரும்பி நடந்தவள் உள்ளதைத்தான் சொல்வாள். ‘அவ வங்கியிலை வேலை செய்யிறவ, நான் வாடிக்கையாளர்.’ அத்தோடு குணலட்சுமியின் வேலையும் போய்விடும், ஏழு பொதியும் போய்விடும்.

இராசநாயகம் கிணற்றடிக்கு ஓடிவந்தான்.

“கிளாலிக் கடலாலை ஒருத்தன் போறான். புத்தளம் வரைக்கும் போவான். ரெண்டு சொல்லுச் சொல்லிவிடு. அக்கா எண்டு எழுதச் சொல்லி.”

“தொடர்பு வைக்கக் கூடாது எண்டு போட்டிருக்கு.”

“கடவுளே! தம்பி எண்டு எழுதி என்ரை பிள்ளையின்ரை அட்டியலைப் போக்கினாய். தங்கச்சி எண்டு எழுதி உன்ரை வேலையைப் போக்கப் போறாய். எழுதிறதுக்கு உனக்கு வேறை சொல்லே கிடைக்கேல்லையோ?”

“நான் சொல்லிக் குடுத்து அவள் எழுதினால் அது பொய்யடா. அவளாய் எழுதினால்தான் நான் எழுதினது மெய்.”

“எழுதாட்டி?”

“எழுதாட்டி நான் பொய்க்காரிதான். பொய்க்காரிக்கு வங்கியிலை என்ன வேலை?”

இராசநாயகம் கிணற்றுக்குள் வாளியை இறக்கினான். அன்றிலிருந்து அவளுக்கும் சேர்த்து அவனே தண்ணீர் அள்ளி வைத்தான்.

மாதங்கள் போயின. ஒவ்வொரு தபால் பையும் வரும்போது குணலட்சுமிதான் அவிழ்க்க வேண்டும், அவள்தான் தபால் பகுதி. உறைகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டுவாள். புத்தளத்துப் பதில் இல்லை என்றதும் ஆறுதலும் வரும், அடுத்த பை வரை பயமும் வரும். உடம்பு பாதியாகிவிட்டது.

தொண்ணூற்று மூன்று தை மாதம் அந்த உறை வந்தது. ‘அந்தரங்கம், முகாமையாளருக்கு’ என்று எழுதியிருந்தபடியால் அவள் அதை உடைக்கவில்லை. கொண்டுபோய்ச் செபநாயகத்தின் மேசையில் வைத்துவிட்டு நின்றாள். அவர் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“இரும் குணம்.”

“நிக்கிறன் சேர்.”

அவர் உள்ளே இருந்த படிவத்தை அவள் பக்கம் திருப்பி வைத்தார். சபீஹாவின் உருண்டைக் கையெழுத்து.

‘கேள்வி ஒன்று: மேற்படி ஊழியர் உமக்கு என்ன உறவு?’

‘அக்கா.’

‘கேள்வி இரண்டு: உறவுக்கு ஆதாரம் உண்டா?’

‘உண்டு. எட்டுப் பெருநாளைக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பம் சாப்பிட்டவ. அவ எல்லாவற்றையும் எழுதி வைக்கிற ஆள். உங்கள் வங்கிக் கொப்பியில் பாருங்கோ, இருக்கும்.’

செபநாயகம் தலைமை அலுவலகத்தின் கடிதத்தை வாசித்தார். ஆதாரத்தைக் கிளை முகாமையாளர் பார்வையிட்டு உறுதிப்படுத்தினால், ஏழு பொதிகளும் அடுத்த கப்பலில் புத்தளம் கிளைக்குப் போகும். உரியவர்கள் அங்கே தவணையில் மீட்கலாம்.

“அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வாரும்.”

குசினி அலுமாரியிலிருந்து எடுத்துவந்தாள். எட்டுப் பதிவையும் அவர் விரல் வைத்து வாசித்தார். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் அவருடைய கையெழுத்தே இருந்தது.

“உண்டோர் ஒன்பது பேர். அதிலை நானும் ஒராள்,” என்றார். “அப்ப எனக்கும் ஏதோ முறைதான்.” பேனையை எடுத்து, ‘ஆதாரம் பார்வையிடப்பட்டது, சரி’ என்று எழுதினார்.

அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத குணலட்சுமி அப்போது விம்மி விம்மி அழுதாள். அழுது முடித்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, நேரே போய்ச் சைக்கிள் பூட்டைத் திறந்தாள்.

செபநாயகம் வாசலுக்கு வந்தார். “எங்கை வெளிக்கிட்டீர்?”

“ஐஞ்சு சந்திக்கு.”

“அங்கை ஆர் இருக்கினம் இப்ப?”

“ஒருத்தரும் இல்லை சேர்.”

“லீவுப் படிவம்?”

“பிறகு தாறன்,” என்று சொல்லிவிட்டு அவள் மிதிக்கத் தொடங்கினாள்.